சிறுநீரில் டோபமைன் ‘ஓவர்’: அப்பாவின் மாத்திரையை நிறுத்தலாமா?

குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து 41 வயது வாசகி எழுதிய கடிதம் இது. நீளமான கடிதம். வீட்டை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 68 வயது. வாழ்நாள் முழுக்கக் குழித்தறியில் லுங்கி நெய்தவர். ஆறு வருடத்துக்கு முன் மிதிக்கட்டையில் கால் சொன்னபடி கேட்காமல் போனது, வலது கை நடுங்கியது. பார்க்கின்சன் நோய் என்று உறுதியானது. இப்போது லெவோடோபா–கார்பிடோபா 110 மாத்திரை, காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6 என நான்கு வேளை, வேளைக்கு ஒன்றரை. போன வருடத்திலிருந்து காலையில் ரசாஜிலின் 1 மி.கி. இரண்டு மாதமாக ஒவ்வொரு வேளையோடும் என்டகாபோன் 200 மி.கி.

பெங்களூரில் வேலை செய்யும் தம்பி, ‘இங்கிலீஷ் மருந்து நைனாவோட கிட்னியைக் கெடுத்துடும்’ என்று பூனைக்காலி விதைப் பொடி வாங்கி வந்து, காலையும் இரவும் பாலில் ஒரு ஸ்பூன் கலந்து கொடுக்கச் சொன்னார். அப்பாவிடம் ‘சத்து மாவு’ என்று சொல்லியிருக்கிறார்கள். முதல் வாரம் அதிசயம்: அப்பா தானே சட்டைப் பொத்தான் போட்டார், தெருமுனைவரை நடந்தார். மூன்றாவது வாரம், மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் கழுத்தும் தோளும் தானாக நெளிகின்றன. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, ஒருமுறை விழுந்தும்விட்டார். சாயங்காலமானால் ‘அந்த மூலையில யாரு வீட்டுப் பசங்க உக்காந்திருக்காங்க?’ என்று கேட்கிறார். மூலையில் யாரும் இல்லை.

தம்பி ஒரு லேபில் ‘மூளை ஹார்மோன் பேக்கேஜ்’ எடுக்க வைத்தார். சிறுநீரில் டோபமைன் (உடம்பை அசைக்க மூளை செல்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் ரசாயனம்), இருக்க வேண்டிய அளவைவிடப் பல மடங்கு. லேபில் இருந்தவர், ‘டோபமைன் இவ்வளவு இருக்கும்போது எதுக்கு மாத்திரை?’ என்று கேட்டிருக்கிறார். இதற்கிடையில் ரசாஜிலின் சாப்பிடுபவர்கள் புளித்த உணவைத் தொட்டால் இரத்தக் கொதிப்பு ஏறி உயிருக்கு ஆபத்து என்று ஒரு வீடியோ. அதைப் பார்த்துவிட்டு இட்லி, தயிர், ஊறுகாய், கருவாடு எல்லாம் நிறுத்தியாகிவிட்டது. அப்பா தயிர் இல்லாமல் சோறு இறங்கவில்லை என்று பாதித் தட்டோடு எழுந்துவிடுகிறார். சிறுநீர் செங்கல் நிறத்தில் போகிறது. கடிதத்தின் கடைசி வரியில், போகிற போக்கில்: ‘முட்டி வலிக்குப் பக்கத்து மெடிக்கலில் டிரமடால் சேர்ந்த மாத்திரை வாங்கி வைத்திருக்கிறோம், இன்னும் கொடுக்கவில்லை.’

சகோதரி, உங்கள் கேள்விகளுக்குள் போவதற்கு முன் அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதிலேயே அவசரமான விஷயம் அதுதான். அந்த டிரமடால் மாத்திரையை அப்பாவுக்குக் கொடுக்காதீர்கள். ரசாஜிலினோடு டிரமடால் சேரவே கூடாது. அமைதியின்மை, வியர்வை, காய்ச்சல், தசைத் துடிப்பு, வலிப்புவரை போகலாம். ‘அப்போ ஒரு நாள் ரசாஜிலினை விட்டுட்டு வலி மாத்திரை கொடுக்கிறேன்’ என்றும் செய்ய முடியாது. ரசாஜிலின் மூளையில் இருக்கும் ஓர் என்சைமோடு ஒட்டிக்கொண்டு அதை நிரந்தரமாக முடக்கிவிடுகிறது. உடம்பு புது என்சைமைச் செய்து அந்த இடத்தை நிரப்பும்வரை, மாத்திரையை நிறுத்தினாலும் அதன் வேலை தொடரும். அதனால்தான் இடையில் குறைந்தது 14 நாள் இடைவெளி கேட்கிறோம். முட்டி வலிக்குப் பாராசிட்டமால் போதும். டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் உள்ள இருமல் சிரப்பும் வேண்டாம். சிப்ரோஃப்ளாக்சசின் ஆன்டிபயாட்டிக் எழுதினால், ‘இவர் ரசாஜிலின் சாப்பிடுகிறார்’ என்று சொல்லிவிடுங்கள். அது ரசாஜிலினின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும்.

இரண்டாவது, லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. யார் சொன்னாலும் சரி. ஒரேயடியாக நிறுத்தியவர்களில் சிலருக்கு உடம்பு கட்டைபோல் இறுகி, கடும் காய்ச்சல் ஏறி, நினைவு தடுமாறி, தீவிர சிகிச்சைப் பிரிவுவரை போக நேர்கிறது. நம் ஊர் சித்திரை வைகாசி வெயிலில் அந்தக் காய்ச்சலை வெயில் கொடுமை என்று நினைத்து வீட்டிலேயே ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அபாயமும் இருக்கிறது.

இனி நிதானமாகப் பேசலாம்.

அந்த லேப் ரிப்போர்ட்

ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. அதைப் படித்தவர்தான் தவறாகப் படித்துவிட்டார்.

பார்க்கின்சனில் குறைவது மூளையின் அடியில் உள்ள ஒரு சிறு பகுதியில் இருக்கும் டோபமைன். இறந்தவர்களின் மூளைத் திசுவை எடுத்து அளந்து, அந்தக் குறைவை 1960இல் எஹ்ரிங்கர், ஹோர்னிகீவிச் என்ற இருவர் வியன்னாவில் காட்டினார்கள். அப்படியானால் டோபமைனையே மாத்திரையாகக் கொடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். முடியாது. இரத்தத்தில் இருக்கும் டோபமைன் மூளைக்குள் நுழைய இரத்த–மூளைத் தடுப்பு விடுவதில்லை. அதற்கு ஒரு படி முன்னே இருக்கும் பொருளான லெவோடோபாவை விடும். ஆகவே லெவோடோபாவைக் கொடுக்கிறோம். மூளைக்குள் போனபின் ஓர் என்சைம் அதை டோபமைனாக மாற்றிக்கொள்கிறது. டீகார்பாக்சிலேஸ் என்று அதற்குப் பெயர். பள்ளியில் நொதி என்று படித்திருப்பீர்கள், அந்த இனம்தான்.

சிக்கல் என்னவென்றால் அதே டீகார்பாக்சிலேஸ் குடலில் இருக்கிறது, கல்லீரலில் இருக்கிறது, சிறுநீரகத்தில் நிறையவே இருக்கிறது. பாலாற்றில் மேலே எவ்வளவு தண்ணீர் விட்டாலும் வழியில் மணல் குடித்தது போகத்தான் கடைமடைக்கு வரும் இல்லையா, அந்த மாதிரி. லெவோடோபாவைத் தனியாக விழுங்கினால் மூளைக்குப் போய்ச் சேருவது நூற்றுக்கு ஓரிரு பங்குதான். மற்றதெல்லாம் வழியிலேயே டோபமைனாகி, குமட்டலையும் படபடப்பையும் கொடுத்துவிட்டுக் கழிந்துவிடும்.

மாத்திரையில் கார்பிடோபா சேர்ந்திருப்பது இதற்காகத்தான். அது வழியில் இருக்கும் டீகார்பாக்சிலேஸைத் தடுக்கிறது. தானே மூளைக்குள் போகாது என்பதால் அங்கே இருக்கும் என்சைமைத் தொடுவதில்லை. சரி, ஒரு கதவை அடைத்தால் இன்னொன்று திறக்கிறது: காம்ட் என்ற வேறொரு என்சைம் லெவோடோபாவைப் பிடித்து உபயோகமில்லாத ஒரு பொருளாக மாற்றுகிறது. அதைத் தடுக்க என்டகாபோன். எல்லாம் தப்பி மூளைக்குள் போய் டோபமைனாகி வேலை செய்தபின், அங்கே நரம்பு செல்களுக்குத் துணையாக நிற்கும் கிளியா செல்களில் இருக்கும் மாவோ-பி என்ற என்சைம் அதை உடைத்துப் போடுகிறது. அந்த உடைப்பைத் தாமதப்படுத்த ரசாஜிலின். உங்கள் அப்பாவுக்கு மூன்று மருந்து எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். மூன்றும் மூன்று வெவ்வேறு நோய்க்கு அல்ல, ஒரே லெவோடோபாவை மூன்று இடத்தில் காப்பாற்றத்தான்.

இப்போது ரிப்போர்ட்டுக்கு வாருங்கள். சிறுநீரில் இருக்கும் டோபமைனில் பெரும்பகுதி மூளையிலிருந்து வந்ததே இல்லை. சிறுநீரகத்தின் செல்கள், இரத்தத்தில் ஓடும் லெவோடோபாவைப் பிடித்து அங்கேயே டோபமைனாக்கிச் சிறுநீரில் விடுகின்றன. லெவோடோபா சாப்பிடும் யாருக்கு எடுத்தாலும் அந்த எண் எகிறித்தான் இருக்கும். அப்பாவுக்கு அதன்மேல் பொடி வேறு. மாத்திரை உடம்புக்குள் போயிருக்கிறது என்பதைத் தவிர அந்தத் தாள் எதையும் சொல்லவில்லை. அதே பேக்கேஜில் இருக்கும் இரத்த செரடோனினும் அப்படியே. உடம்பின் செரடோனினில் பெரும்பகுதியைச் செய்வது குடல். இரத்தத்தில் அதைச் சுமப்பவை பிளேட்லெட் அணுக்கள். மூளையில் எவ்வளவு இருக்கிறது என்று அதை வைத்துச் சொல்லவே முடியாது.

மூளைக்குள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வழி இருக்கிறது. கதிரியக்கம் ஏற்றிய டோபாவை ஊசியில் செலுத்தி, மூளையின் டீகார்பாக்சிலேஸ் அதை எவ்வளவு மாற்றிச் சேமிக்கிறது என்று பெட் ஸ்கேனில் பார்ப்பார்கள். நோயா இல்லையா என்று சந்தேகம் இருக்கும்போது உதவும், செலவும் அதிகம். ஆறு வருடமாக மாத்திரைக்கு நன்றாகக் கேட்கும் உங்கள் அப்பாவுக்கு அது தேவை என்று எனக்குத் தோன்றவில்லை. ‘மூளை ஹார்மோன் பேக்கேஜ்’ என்று விற்பவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. தம்பிமேல் கோபம் இல்லை. அவர் அப்பாவுக்காகத்தான் பணத்தைக் கொட்டியிருக்கிறார்.

பூனைக்காலி

தம்பி வாங்கி வந்தது வெறும் ஏமாற்று வேலை என்று நான் சொல்லப்போவதில்லை. அது உண்மையிலேயே வேலை செய்யும் பொருள். அதனால்தான் பயம்.

பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பதை 1937இலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமோதரனும் ராமசாமியும் பிரித்தெடுத்துக் காட்டிவிட்டார்கள். மாத்திரையில் இருக்கும் அதே மூலக்கூறு. ஆக, வீட்டில் நடந்தது ‘இங்கிலீஷ் மருந்தா, நாட்டு மருந்தா’ என்ற போட்டி இல்லை. ஒரே மருந்து என்று தெரியாமலே அதை இரண்டு வழியில் கொடுத்திருக்கிறீர்கள்.

கணக்கைப் பாருங்கள். விதையின் எடையில் நூற்றுக்கு 4 முதல் 6 பங்கு லெவோடோபா இருக்கும். ஸ்பூனுக்கு 5 கிராம் பொடி என்று வைத்தால் 200 முதல் 300 மி.கி. நாளைக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 400 முதல் 600. டாக்டர் நான்கு வேளையாகப் பிரித்து எழுதிக் கொடுத்திருப்பது மொத்தம் 600. ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆக்கிவிட்டீர்கள்! பொடியைத் தனியாகச் சாப்பிடுபவருக்கு அதில் பெரும்பகுதி வழியிலேயே வீணாகும். உங்கள் அப்பாவுக்கோ மாத்திரையின் கார்பிடோபாவும் என்டகாபோனும் ஏற்கெனவே வழியைச் சுத்தம் செய்து வைத்திருக்கின்றன. பொடியின் லெவோடோபாவும் சேர்ந்து உள்ளே போகிறது. முதல் வாரம் பொத்தான் போட்டதும் இதனால், மூன்றாம் வாரம் கழுத்து நெளிவதும் இதனால்.

அந்த நெளிவு நடுக்கம் இல்லை, வலிப்பும் இல்லை. நடுக்கம் மருந்து குறையும்போது வரும். கை ஓய்வாக இருக்கையில் ஒரே தாளத்தில் ஆடும். நெளிவு மருந்து உச்சத்தில் இருக்கும்போது வரும். கழுத்து, தோள், இடுப்பு என்று தாளமில்லாமல் அலையும். வியாதி முற்றிவிட்டது என்று நினைத்து யாராவது இன்னும் அரை மாத்திரை கூட்டிக் கொடுத்தால் நிலைமை மோசமாகும். மூலையில் பசங்கள் தெரிவதும், நின்றதும் இரத்த அழுத்தம் சரிவதும் இதே மிகையின் மற்ற முகங்களாகவே இருக்க வாய்ப்பு அதிகம். சிறுநீர்த் தொற்று, உப்புச் சத்துக் குறைவு இருந்தாலும் மாயக்காட்சி வரும் என்பதால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பொடியை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் மூன்று வாரமாக உள்ளே போன அளவு பெரிது என்பதால் நீங்களாக ஒரு கணக்குப் போடாமல், இந்த வாரமே உங்கள் நரம்பியல் டாக்டரிடம் பொடி டப்பாவையும் எடுத்துக்கொண்டு போங்கள். அடுத்த மாத அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்க வேண்டாம், விழுந்திருக்கிறார். திட்டுவாரோ என்று மறைக்காதீர்கள். இந்தப் பொடியைப் பற்றி நரம்பியல் மருத்துவர்களுக்கு நன்றாகவே தெரியும். 2004இல் லண்டனில் எட்டு நோயாளிகளிடம் இதை மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, பொடி சீக்கிரமாகவும் கொஞ்சம் நீண்ட நேரமும் வேலை செய்தது. எட்டே பேர் என்பதை மறக்க வேண்டாம். அதோடு அங்கே பொடியின் அளவை அளந்து கொடுத்தார்கள். கடைப் பொடியில் ஒரு டப்பாவுக்கும் அடுத்த டப்பாவுக்கும் வித்தியாசம் இருக்கும்.

‘நாட்டு மருந்துக்குப் பக்கவிளைவு கிடையாது’ என்று தம்பி சொன்னாராம். சர்ப்பகந்தி என்று ஒரு மூலிகை கேள்விப்பட்டிருப்பீர்கள். அதிலிருந்து எடுத்த ரெசர்பினை ஒரு காலத்தில் இரத்தக் கொதிப்புக்குக் கொடுத்தோம். நரம்பு முனையில் பைபையாகச் சேமித்து வைத்திருக்கும் டோபமைனை அது வெளியே ஒழுகவிடும். ஒழுகியதை மாவோ உடைத்துத் தீர்த்துவிடும். சாப்பிட்டவர்களில் சிலர் பார்க்கின்சன் நோயாளிபோலவே இறுகிப்போனார்கள். 1957இல் ஸ்வீடனில் அர்விட் கார்ல்சன் இதே ரெசர்பின் கொடுத்து அசையாமல் படுத்துவிட்ட முயல்களுக்கு லெவோடோபா செலுத்தினார்; முயல்கள் எழுந்து நடமாடின. உங்கள் அப்பா இன்று விழுங்கும் மாத்திரைக்கு வழி காட்டியது அந்தப் பரிசோதனை. 2000இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மூலிகை என்பதாலேயே நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. எந்த என்சைமிடம் போய் என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

தயிரைத் திருப்பிக் கொடுங்கள்

வீடியோவில் சொன்னதற்கும் ஓர் அடிப்படை இருக்கிறது, ஆனால் அது உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. மாவோ என்சைமில் ஏ, பி என இரண்டு உண்டு. நாள்பட்ட பாலாடைக்கட்டி போன்றவற்றில் இருக்கும் டைரமின் என்ற பொருளைக் குடலிலேயே உடைத்துவிடுவது முக்கியமாக மாவோ-ஏ. 1960களில் புழக்கத்தில் இருந்த சில மனச்சோர்வு மருந்துகள் இரண்டையும் சேர்த்து முடக்கின. டைரமின் உடைபடாமல் இரத்தத்தில் கலந்து, இரத்தக் குழாய்களைச் சுருக்கும் நோர்அட்ரினலினை நரம்பு முனைகளிலிருந்து தள்ளிவிட, இரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறியது. ரசாஜிலின் 1 மி.கி. அளவில் பி-யை மட்டும்தான் பெரும்பாலும் தொடுகிறது. குடலின் ஏ தன் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. இட்லி, தோசை, வீட்டுத் தயிர், ஊறுகாய் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். களிக்குக் கருவாட்டுக் குழம்பு கேட்டால் கொடுங்கள். பழசாகிக் கெட்ட வாடை அடிக்கும் கருவாடு மட்டும் வேண்டாம், அது யாருக்குமே வேண்டாம். டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் ரசாஜிலின் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம்.

உணவில் நீங்கள் பார்க்க வேண்டியது வேறு ஒன்று. ‘ரெண்டு மணி மாத்திரை மட்டும் வேலையே செய்யறதில்ல’ என்று எழுதியிருக்கிறீர்கள். மதியச் சாப்பாட்டில் பருப்பும் முட்டையும், ஞாயிற்றுக்கிழமை பிரியாணியும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பதில் அங்கேயே இருக்கிறது. புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலிலும் மூளை வாசலிலும் ஒரே பாதையில்தான் ஏறியாக வேண்டும். சோற்றோடு மாத்திரை போட்டால் லெவோடோபா இடம் கிடைக்காமல் நின்றுவிடும். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், தண்ணீரில் போடுங்கள், பாலில் வேண்டாம். முடியாத நாளில் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து. பகலில் புரதத்தைக் கொஞ்சம் குறைத்து, முட்டையையும் கறியையும் இரவுக்குத் தள்ளலாம். அடியோடு நிறுத்தக் கூடாது, ஏற்கெனவே இளைத்திருக்கிறார். இரும்புச் சத்து மாத்திரை இருந்தால் லெவோடோபாவுக்கு இரண்டு மணி நேரமாவது தள்ளிக் கொடுங்கள். பி6 வைட்டமின் கூடாது என்று மெடிக்கலில் சொன்னது கார்பிடோபா வருவதற்கு முந்தைய காலத்துக் கவலை. சாதாரண பி-காம்ப்ளெக்ஸால் பிரச்சினை இல்லை.

செங்கல் நிறச் சிறுநீர் என்டகாபோனால் வருவது, தீங்கில்லை. எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் மட்டும் பரிசோதியுங்கள்.

கிட்னி கெட்டுவிடும் என்ற பயத்துக்கும் ஒரு வரி: லெவோடோபா சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்து அல்ல. கடைகளில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போடும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைப் பற்றித் தம்பி கவலைப்பட்டால் நானும் கூடச் சேர்ந்துகொள்வேன்.

அப்பாவிடம் சொல்லுங்கள்

இது மருந்து விஷயம் இல்லை. ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை. உங்கள் அப்பா நினைவு தெளிவாக இருப்பவர் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. தன் உடம்புக்குள் போவது என்ன என்று தெரிந்துகொள்ளவும், வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. சத்து மாவு என்று சொல்லிக் கொடுத்ததை அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். மூலையில் தெரிந்த பசங்களைப் பற்றி அவர் மனசுக்குள் எவ்வளவு பயந்திருப்பார் என்று யோசியுங்கள். ‘மருந்து கூடிப்போனதால் வந்தது, நைனா, உனக்குப் புத்தி பேதலிக்கல’ என்று ஒரு வார்த்தை சொன்னால் பாதிப் பாரம் இறங்கும்.

தம்பியிடம் ‘உன்னாலதான்’ என்று ஆரம்பிக்காதீர்கள். பொடியில் இருப்பதும் மாத்திரையில் இருப்பதும் ஒன்று என்ற விஷயத்திலிருந்து ஆரம்பியுங்கள். அவரே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். முடிந்தால் டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவரும் வரட்டும்.

டாக்டரிடம் போகும்போது

அப்பாவை நேரில் பார்க்காமல் நான் மாத்திரை அளவை மாற்றச் சொல்ல மாட்டேன். கேட்க வேண்டிய கேள்விகளைச் சொல்கிறேன்.

முதலில், ஒரு நோட்டில் நான்கு நாளைக்கு நேரம் போட்டு எழுதுங்கள்: மாத்திரை எப்போது, சாப்பாடு எப்போது, எப்போது நன்றாக நடந்தார், எப்போது இறுகினார், எப்போது நெளிவு. டாக்டருக்கு அந்த லேப் ரிப்போர்ட்டைவிட இந்த நோட்டுதான் வேண்டும். வாரக் கடைசியில்தான் பார்க்க முடியும் என்றால் அதுவரை எழுதியதைக் கொண்டு போங்கள். நெளிவை ஃபோனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வையுங்கள். ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது அது வரவே வராது.

அடுத்து, காலையில் வயிற்றைப் புரட்டுகிறது என்றும், போன மாதம் வாந்திக்கு ஊசி போட்டபின் ஒரு நாள் முழுக்கக் கட்டையாகப் படுத்திருந்தார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது என்ன ஊசி என்று சீட்டில் பாருங்கள். மெட்டோக்ளோப்ரமைடாக இருந்தால் காரணம் அதுதான்: மூளையில் டோபமைன் உட்கார வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும். புரோக்ளோர்பெராசின், தலைச்சுற்றலுக்குத் தரும் சின்னரிசின் ஆகியவையும் அதே ரகம். இந்தப் பெயர்களை ஒரு அட்டையில் பெரிதாக எழுதி, ரசாஜிலின்–டிரமடால் விஷயத்தையும் சேர்த்து, அப்பாவின் சட்டைப்பையில் வையுங்கள். வாந்திக்கு டோம்பெரிடோன் போன்று மூளைக்குள் அதிகம் நுழையாத மருந்து உண்டு. இதயத்துடிப்பில் கோளாறு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு டாக்டர் எழுதுவார்.

புரட்டலுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். அட்டையில் 110 என்று போட்டிருந்தால் 100 மி.கி. லெவோடோபா, 10 மி.கி. கார்பிடோபா. அப்பாவுக்கு ஒரு நாளைக்கு ஆறு மாத்திரை, அதாவது கார்பிடோபா 60 மி.கி. மூளைக்கு வெளியே இருக்கும் டீகார்பாக்சிலேஸை முழுதாகத் தடுக்க நாளைக்கு 70 முதல் 100 மி.கி. வேண்டும். 125 என்று வரும் மாத்திரையில் லெவோடோபா அதே 100தான், கார்பிடோபா 25. பொடி நின்று, நெளிவும் மாயக்காட்சியும் அடங்கியபின், ‘110க்குப் பதில் 125 ஒத்துவருமா?’ என்று கேட்டுப் பாருங்கள். கார்பிடோபா கூடினால் மூளைக்குப் போகும் லெவோடோபாவும் கூடும் என்பதால் வேளைக்கு எத்தனை என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒரு விஷயம், நீங்கள் கேட்கவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பார்க்கின்சன் நோயும் சேர்ந்திருக்கிறது. பாதிப்பு 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று கிடைத்தால் அரசு உதவிகளுக்கு விண்ணப்பிக்க முடியும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் மதிப்பீட்டுக்கு எந்த நாளில் எங்கே வர வேண்டும் என்று சொல்வார்கள். போகிற அன்று அப்பாவின் மாத்திரை நேரம் தவறாமல் பையில் தண்ணீரோடு எடுத்துப் போங்கள். எந்த வேளை மாத்திரைக்குப் பிறகு பரிசோதித்தார்கள் என்பதையும் டாக்டரிடம் குறிக்கச் சொல்லுங்கள். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் பார்த்தால், வீட்டில் அவர் படும் பாடு அந்தச் சான்றில் வராது.